த பிரிங்க்ஸ் ஜாப் (திரைப்படம்)

த பிரிங்க்ஸ் ஜாப், 1978 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படமாகும். வில்லியம் பிரீட்கின் இயக்கிய இத்திரைப்படத்தில் பீட்டர் பால்க், பீட்டர் பாயில், ஆலன் கார்பீல்ட், வாரன் ஓட்ஸ், பால் சொர்வினோ, ஜீனா ரோலண்ட்ஸ் முதலானோர் நடித்துள்ளனர். 1950 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் நடைபெற்ற பிரிங்க்ஸ் கொள்ளையே இதன் கதைக்கு அடிப்படை. அந்நாள் வரை அமெரிக்காவில் நிகழ்ந்த கொள்ளைகளுள் மிகப் பெரியதாகக் கருதப்பட்ட இது, நாளிதழ்களால் "நூற்றாண்டின் குற்றம்" என அழைக்கப்பட்டது. அத்தகைய குற்றத்தைச் செய்தவர்கள் சிறு திருட்டுகளில்கூடத் தடுமாறி மாட்டிக்கொண்ட சாதாரணத் திருடர்கள் என்பதே படத்தின் நகைச்சுவைக்கு மூலமாகும்.

திரைப்பட விபரம்

இயக்குனர்: வில்லியம் பிரீட்கின்
திரைக்கதை: வாலன் கிரீன்
மூலநூல்: நோயல் பென் எழுதிய "பிக் ஸ்டிக்-அப் அட் பிரிங்க்ஸ்" (1977)
இசை: ரிச்சர்ட் ரொட்னி பெனட்
தயாரிப்பாளர்: ரால்ப் செர்ப்பி
விநியோகம்: யுனிவர்சல்
வெளியீடு: டிசம்பர் 1978
கால நீளம்: 104 நிமிடங்கள்
மொழி: ஆங்கிலம்
வகை: நகைச்சுவைப்படம், குற்றப்படம்

கதை

(குறிப்பு: இப்பகுதியில் கதையும் அதன் முடிவும் தரப்பட்டுள்ளன.)

படம் 1938 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. பாஸ்டனைச் சேர்ந்த டோனி பினோவும் (பீட்டர் பால்க்) அவருடைய கூட்டாளிகளும் ஓர் இறைச்சிக் கூடத்தில் உள்ள இரும்புப் பெட்டியைத் திறக்க முயல்கின்றனர். முயற்சி தோல்வியில் முடிய, பினோ காவலர்களிடம் பிடிபட்டுச் சிறைக்குச் செல்கின்றார். 1944 இல் விடுதலையாகும் அவர் தன் மனைவி மேரியிடம் (ஜீனா ரோலண்ட்ஸ்) திரும்புகின்றார். ஆயினும் திருட்டை விட்டுவிட அவருக்கு மனம் வருவதில்லை. மைத்துனர் வின்னியையும் (ஆலன் கார்பீல்ட்) பழைய கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொழிலைத் தொடங்குகின்றார். இனிப்புக் கோந்து உருண்டைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றினுள் நுழையும் இவர்களுக்குக் கிடைப்பது பணமன்று. தரையெங்கும் உருண்டோடும் கோந்து உருண்டைகளே.

ஒரு நாள் பிரிங்க்ஸ் நிறுவனத்தின் கவச வண்டியொன்றையும் அதன் காவலர்களின் கவனக்குறைவையும் பினோ தற்செயலாகக் காண்கின்றார். பெரும் பணத்தைக் காக்கும் நிறுவனம் இத்தனை அலட்சியமாக இருக்கும் என்பதை அவரால் நம்ப முடிவதில்லை. முதலில் வண்டியிலிருந்து திருடிப் பார்க்கும் அவர், பின்னர் நிறுவனத்தின் தலைமைக் கட்டடத்தையே நோட்டமிடத் தொடங்குகின்றார். வெளியுலகம் வெல்ல முடியாத கோட்டையாகக் கருதும் அக்கட்டடத்தின் பாதுகாப்பு வெறும் தோற்றமே என்பதைப் படிப்படியாக அறிந்துகொள்கின்றார்.

திருட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் ஜோ மெக்கினிஸ் (பீட்டர் பாயில்), சூதாட்டத்தில் ஈடுபடும் ஜாஸ் மாபி (பால் சொர்வினோ), போர்க்கால அனுபவங்களைப் பெருமையாகப் பேசும் ஸ்பெக்ஸ் ஓகீப் (வாரன் ஓட்ஸ்) ஆகியோர் திட்டத்தில் இணைகின்றனர். பெட்டக அறையைப் பீரங்கிக் குழாய் கொண்டு தகர்க்கலாம் என்று ஓகீப் கூறும் ஆலோசனையைக் கேட்டு மற்றவர்கள் திகைக்கின்றனர். இறுதியில் முகமூடி அணிந்து, ஊழியர்களைக் கட்டிப்போட்டுப் பணத்தை அள்ளிச்செல்வது என்று முடிவாகின்றது. கொள்ளை எவ்விதத் தடையுமின்றி நிறைவேறுகின்றது.

படத்தின் பிற்பகுதி கொள்ளைக்குப் பிந்தைய நிகழ்வுகளைக் கூறுகின்றது. எஃப்.பி.ஐ இயக்குனர் ஜே. எட்கர் ஹூவர் (ஷெல்டன் லெனார்ட்) இவ்வழக்கில் நேரடியாகக் கவனம் செலுத்துகின்றார். வேறு குற்றத்திற்காகச் சிறை செல்லும் ஓகீப் தனக்குரிய பங்கை எதிர்பார்த்து ஏமாற்றமடைகின்றார். விசாரணையின் அழுத்தமும் நண்பர்கள் கைவிட்டனர் என்ற கசப்பும் சேர்ந்து அவரை வாய்திறக்கச் செய்கின்றன. கைதாகி நீதிமன்றம் செல்லும் பினோவையும் கூட்டாளிகளையும் தெருவில் கூடிய மக்கள் வீரர்களைப் போல வரவேற்பதுடன் படம் முடிகின்றது.

கதாப்பாத்திரங்கள்

பீட்டர் பால்க் - டோனி பினோ
பீட்டர் பாயில் - ஜோ மெக்கினிஸ்
ஆலன் கார்பீல்ட் - வின்னி கோஸ்டா
வாரன் ஓட்ஸ் - ஸ்பெக்ஸ் ஓகீப்
பால் சொர்வினோ - ஜாஸ் மாபி
ஜீனா ரோலண்ட்ஸ் - மேரி பினோ
ஜெரார்ட் மர்பி - சாண்டி ரிச்சர்ட்சன்
கெவின் ஓகானர் - ஸ்டான்லி குசியோரா
ஷெல்டன் லெனார்ட் - ஜே. எட்கர் ஹூவர்

ஆலன் கார்பீல்ட் இப்படத்தின் பெயர்ப் பட்டியலில் தன் குடும்பப் பெயரான கூர்விட்ஸ் என்பதைக் கொண்டு ஆலன் கூர்விட்ஸ் எனக் குறிக்கப்பட்டுள்ளார்.

வரலாற்றுப் பின்னணி

கொள்ளை

பிரிங்க்ஸ், 1859 ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனமாகும். வங்கிகள், தொழிற்சாலைகள், கடைகள் ஆகியவற்றின் பணத்தைக் கவச வண்டிகளில் எடுத்துச்சென்று பாதுகாத்துத் தருவது இதன் பணி. இந்நிறுவனத்தின் பாஸ்டன் கிளை, நகரின் வட முனைப் பகுதியில் பிரின்ஸ் தெரு 165 ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. இப்பகுதி இத்தாலியக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியாகும்.

1950 சனவரி 17 ஆம் நாள் மாலை ஏழு மணியளவில் ஏழு பேர் இக்கட்டடத்தினுள் நுழைந்தனர். கடற்படையினர் அணிவது போன்ற மேற்சட்டையும், வண்டியோட்டிகளின் தொப்பியும், கையுறையும் அணிந்திருந்தனர். முகத்தை முழுவதும் மறைக்கும் விளையாட்டு முகமூடிகளை மாட்டியிருந்தனர். காலடி ஓசை கேளாதிருக்க இரப்பர்க் காலணிகளைப் பயன்படுத்தினர். அங்குப் பணிபுரிந்துகொண்டிருந்த ஐந்து ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் தரையில் படுக்கவைத்து, கைகளைக் கயிற்றால் கட்டி, வாயை ஒட்டுநாடாவால் மூடினர். அரை மணி நேரத்திற்குள் பைகளுடன் வெளியேறினர். துப்பாக்கி எதுவும் சுடப்படவில்லை. எவருக்கும் காயமும் ஏற்படவில்லை.

கொள்ளை போனது ரொக்கமாக 12,18,211 டாலரும், காசோலைகளும் பிற பத்திரங்களுமாக 15,57,183 டாலரும் ஆகும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 27 இலட்சத்து 75 ஆயிரம் டாலர்.

கொள்ளையர்கள் உள்ளே இருந்தபோது கதவின் அழைப்பு மணி ஒலித்தது. வந்தவர் வண்டிக் கொட்டகையின் பணியாள். இருவர் அவரைப் பிடிக்க விரைந்தனர். ஆனால் அவர் எதையும் அறியாமல் திரும்பிச் சென்றுவிட்டதால் விட்டுவிட்டனர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஊதியப் பணம் இருந்த உலோகப் பெட்டியை இவர்களால் திறக்க இயலவில்லை. ஏற்ற கருவி கையில் இல்லாததே காரணம். அப்பெட்டியை அங்கேயே விட்டுச் சென்றனர்.

திட்டமிடல்

மொத்தம் பதினொரு பேர் இக்கொள்ளையில் ஈடுபட்டனர்: அந்தோனி பினோ, ஜோசப் மெக்கினிஸ், ஜோசப் ஓகீப், ஸ்டான்லி குசியோரா, வின்சென்ட் கோஸ்டா, அடால்ப் மாபி, ஹென்றி பேக்கர், மைக்கேல் கீகன், தாமஸ் ரிச்சர்ட்சன், ஜேம்ஸ் பாகர்ட்டி, ஜோசப் பான்பீல்ட். இவர்கள் படத்தில் தோன்றுவது போல முற்றிலும் தடுமாறுபவர்கள் அல்லர். கொள்ளைக்கு முன் பல மாதங்கள் இவர்கள் மிகுந்த பொறுமையுடன் ஆயத்தம் செய்தனர்.

இரவு வேளைகளில் கட்டடத்தினுள் பலமுறை நுழைந்து பழகினர். உள்ளே செல்லும் வழியில் இருந்த ஐந்து கதவுகளின் பூட்டு உருளைகளை வெவ்வேறு இரவுகளில் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துச்சென்று சாவி செய்துகொண்டு, அன்றிரவே மீண்டும் பொருத்தினர். எச்சரிக்கை மணிகளை அமைத்த நிறுவனத்தின் அலுவலகத்திற்குள்ளும் நுழைந்து, பிரிங்க்ஸ் கட்டடத்தின் பாதுகாப்பு வரைபடத்தை எடுத்து ஆராய்ந்தபின் இருந்த இடத்திலேயே வைத்தனர். எதிர்க் கட்டடத்தின் கூரையிலிருந்து கோஸ்டா கைவிளக்கால் சைகை காட்டினார். சூழ்நிலை சரியில்லை என்று கருதிய நாட்களில் வாயில் வரை வந்தும் திரும்பிச் சென்றனர். பணத்தை ஏற்றிச்செல்ல 1949 நவம்பர் மாதம் திருடப்பட்ட ஃபோர்ட் சரக்குந்து ஒன்று பயன்படுத்தப்பட்டது.

புலனாய்வு

கொள்ளையர்கள் விட்டுச்சென்றவை கயிறு, ஒட்டுநாடா, ஒரு தொப்பி ஆகியவையே. குற்றவாளிகளைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு ஒரு இலட்சம் டாலர் வழங்குவதாகப் பிரிங்க்ஸ் நிறுவனம் அறிவித்தது. ஊழியர்களிடமிருந்து பறித்த கைத்துப்பாக்கிகளுள் ஒன்று 1950 பெப்ரவரி மாதம் ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் கிடைத்தது. மார்ச் மாதம் ஸ்டோட்டன் என்னும் ஊரின் குப்பைமேட்டில் சரக்குந்தின் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. வண்டி, வாயுச் சுடர்க் கருவியால் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தது. ஓகீப்பும் குசியோராவும் அவ்வூருக்கு அருகில் வசித்தமையால் அவர்கள் மீது ஐயம் வலுத்தது. எனினும் நீதிமன்றத்தில் நிறுத்தும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. புலனாய்வுக்கு எஃப்.பி.ஐ செலவழித்த தொகை 2 கோடியே 90 இலட்சம் டாலர் என்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. இது கொள்ளை போன தொகையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகும்.

காலவரம்பு

இவ்வழக்கின் திருப்பத்தைப் புரிந்துகொள்ளக் காலவரம்புச் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். பல நாடுகளின் சட்டப்படி, கொலை போன்ற சில குற்றங்கள் தவிர மற்றவற்றிற்கு, குறிப்பிட்ட காலத்திற்குள் வழக்குத் தொடரப்பட வேண்டும். அக்காலம் கடந்துவிட்டால் குற்றவாளி யார் எனத் தெரிந்தாலும் தண்டிக்க இயலாது. சான்றுகள் அழிவதும், சாட்சிகளின் நினைவு மங்குவதும் இத்தகைய வரம்புக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிரிங்க்ஸ் கொள்ளையில் நடுவண் அரசின் சட்டத்தின் கீழான மூன்று ஆண்டுக் காலவரம்பு 1953 சனவரியில் முடிந்துபோனது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தின் கீழான ஆறு ஆண்டுக் காலவரம்பு 1956 சனவரி 17 ஆம் நாள் முடிவடைய இருந்தது. அந்நாள் வரை அனைவரும் வாய்மூடி இருந்திருப்பின் கொள்ளைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிளவு

1950 சூன் மாதம் ஓகீப்பும் குசியோராவும் பென்சில்வேனியா மாநிலத்தில் வேறு திருட்டுக்காகக் கைதாகிச் சிறை சென்றனர். ஓகீப் தன் பங்கில் பெரும்பகுதியை மாபியிடம் ஒப்படைத்திருந்தார். விடுதலையாகி வந்தபோது அப்பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சினமுற்ற அவர், 1954 மே மாதம் கோஸ்டாவைக் கடத்திச்சென்று பணம் கேட்டார். ஒரு பகுதி கிடைத்ததும் விடுவித்தார். இதன்பின் ஓகீப்பைத் தீர்த்துக்கட்ட எல்மர் பர்க் என்னும் கூலிக் கொலையாளி அமர்த்தப்பட்டார். 1954 சூன் மாதம் பாஸ்டன் தெருவில் நடைபெற்ற துப்பாக்கிச் சூட்டில் ஓகீப் காயத்துடன் உயிர்தப்பினார். சில நாட்களில் கைதான பர்க், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் சிறையிலிருந்து தப்பியோடினார். வேறு ஒரு கொலைக்காக அவர் 1958 இல் மரண தண்டனை பெற்றார்.

ஓகீப் மீண்டும் சிறைக்குச் சென்றார். அவரை எஃப்.பி.ஐ அதிகாரிகள் தொடர்ந்து சந்தித்தனர். 1956 சனவரி 6 ஆம் நாள், காலவரம்பு முடிய பதினோரு நாட்களே எஞ்சியிருந்தபோது, அவர் அனைத்தையும் கூறத் தொடங்கினார். சனவரி 12 ஆம் நாள் பினோ, மெக்கினிஸ், மாபி, கோஸ்டா, பேக்கர், கீகன் ஆகிய ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். தலைமறைவான பாகர்ட்டியும் ரிச்சர்ட்சனும் மே மாதம் பிடிபட்டனர். பான்பீல்ட் 1955 இல் இறந்துவிட்டார். குசியோரா வழக்கு தொடங்கும் முன் 1956 சூலையில் காலமானார்.

தீர்ப்பு

வழக்கு விசாரணை 1956 ஆகஸ்ட் 6 ஆம் நாள் தொடங்கியது. ஓகீப் முதன்மைச் சாட்சியாக இருந்தார். அக்டோபர் 5 ஆம் நாள் எட்டுப் பேரும் குற்றவாளிகள் என நடுவர் குழு முடிவு கூறியது. நால்வரம் தங்களுக்குள் கலந்தாய்ந்த நேரம் நான்கு மணிக்கும் குறைவே. நான்கு நாட்களுக்குப் பின் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மெக்கினிஸ் சிறையிலேயே இறந்தார். மற்றவர்கள் 1970களின் தொடக்கத்திற்குள் நன்னடத்தை அடிப்படையில் விடுவிக்கப்பட்டனர். கொள்ளைப் பணத்தில் மீட்கப்பட்டது ஏறத்தாழ 58,000 டாலர் மட்டுமே. அதில் 51,906 டாலர், பாஸ்டனில் ஓர் அலுவலகச் சுவரின் மறைவில், உணவுப் பொருள்களைக் குளிராக வைக்கும் பெட்டியொன்றினுள் 1956 சூன் மாதம் கிடைத்தது. எஞ்சிய பணம் எங்கே சென்றது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

படமும் உண்மையும்

திரைப்படம் வரலாற்றின் முக்கிய நிகழ்வுகளைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றது. ஆயினும் சில இடங்களில் அழுத்தம் வேறுபடுகின்றது.

உண்மையான பினோ சிறு திருட்டுகளை விட முடியாதவர் என்பது ஆவணங்களால் தெரியவருகின்றது. குழந்தையாக இத்தாலியிலிருந்து வந்த இவர் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர். ஆகவே குற்றத் தண்டனைகளைக் காரணம் காட்டி இவரை நாடுகடத்த அரசு முயன்றது. மாநில அரசின் மன்னிப்பால் ஒருமுறை தப்பினார். பின்னர், 1948 இல் நூறு டாலருக்கும் குறைவான மதிப்புள்ள பொருளைத் திருடிய வழக்கு மீண்டும் இவரைத் துரத்தியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட டாலரைக் கொள்ளையடித்தவர் எனச் சந்தேகிக்கப்பட்ட ஒருவர், அற்பத் திருட்டின் பேரில் நாட்டை விட்டு வெளியேற்றப்படும் நிலை உருவானது. இவ்வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தண்டனை இறுதியானதன்று எனக் கூறி, 1955 ஏப்ரல் மாதம் நீதிமன்றம் பினோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படத்தில் வரும் எந்த நகைச்சுவைக் காட்சிக்கும் இது குறைந்ததன்று.

மறுபுறம், படம் மென்மையாகக் கடந்து செல்பவையும் உள்ளன. கட்டுண்டு தரையில் கிடந்த ஐந்து ஊழியர்கள், தாங்கள் உயிர் பிழைப்போமா என்று அறியாதிருந்தனர். நண்பர்களுக்குள் நிகழ்ந்த கடத்தல், கூலிக் கொலையாளியை ஏவியமை ஆகியவை நகைச்சுவையில் எளிதாக அடங்காதவை. கொள்ளையர்களை அன்புக்குரிய கோமாளிகளாகக் காட்டும் போக்கு, அவர்களுடைய குற்றத்தின் கடுமையைக் குறைத்துவிடுகின்றதா என்னும் கேள்வி உண்மைக் குற்றங்களைப் பற்றிய எல்லா நகைச்சுவைப் படங்களுக்கும் பொருந்தும். எனினும், கடைசிக் காட்சியில் கூட்டத்தின் ஆரவாரம் படைப்பாளர்களின் கற்பனை மட்டுமன்று. பெரிய நிறுவனத்தையும் காவல்துறையையும் ஆறு ஆண்டுகள் அலையவைத்தவர்கள் மீது பாஸ்டன் மக்களில் ஒரு பகுதியினருக்கு வியப்புக் கலந்த பரிவு இருந்தது.

ஓகீப்பின் பாத்திரமே இவ்விரு நிலைகளையும் இணைக்கின்றது. முதற்பாதியில் சிரிப்பூட்டும் வாய்ச்சொல் வீரராக வரும் அவர், சிறையில் உடைந்துபோகும் காட்சிகளில் முற்றிலும் வேறு மனிதராகின்றார். திட்டத்தில் பிழை நேராமல் பார்த்துக்கொண்டவர்கள், பங்கு பிரித்தபின் ஒருவரை ஒருவர் நம்பத் தவறினர் என்பதே வரலாறும் படமும் ஒருசேரக் கூறும் செய்தி.

தயாரிப்பு

த பிரெஞ்ச் கனெக்சன் (1971) திரைப்படத்திற்காகச் சிறந்த இயக்குனருக்கான ஆஸ்கார் விருது பெற்ற பிரீட்கின், அடுத்து இயக்கிய தி எக்சார்சிஸ்ட் (1973) பெருவெற்றி கண்டது. அதன்பின் வெளிவந்த சோர்சரர் (1977) வசூலில் தோல்வியடைந்தது. அதனைத் தொடர்ந்து அவர் ஏற்ற படமே த பிரிங்க்ஸ் ஜாப். சோர்சரர் படத்திற்குத் திரைக்கதை எழுதிய வாலன் கிரீனே இதற்கும் எழுதினார். முதலில் இப்படத்தை ஜான் பிராங்கன்ஹைமர் இயக்குவதாக இருந்தது. புகழ்பெற்ற இத்தாலியத் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் இப்படத்தின் தயாரிப்பில் பங்கேற்றார்.

படப்பிடிப்பு பாஸ்டன் நகரிலேயே, கொள்ளை நடந்த வட முனைப் பகுதி உட்பட உண்மையான இடங்களில் நடைபெற்றது. கொள்ளையர்களுள் அப்போது உயிருடன் இருந்த மாபியும் ரிச்சர்ட்சனும் படக்குழுவினருக்குத் தகவல்கள் அளித்தனர். தலைமைத் திட்டக்காரரான பினோ 1973 இலும், காட்டிக்கொடுத்த ஓகீப் 1976 இலும் இறந்துவிட்டமையால் இப்படத்தைக் காணவில்லை.

1978 இன் தெருக்களை 1950 இன் தெருக்களாக மாற்றுவது பெரும் பணியாக இருந்தது. வண்டிகள், கடைப் பலகைகள், உடைகள், விளக்குகள் ஆகிய அனைத்தும் அக்காலத்திற்கேற்ப அமைக்கப்பட்டன. காட் பாதர் படங்களுக்குக் கலை வடிவமைப்புச் செய்த டீன் டவுலாரிஸ் இப்பணியை மேற்கொண்டார்.

துணுக்குகள்

- கொள்ளையைப் பற்றிய இப்படமே கொள்ளைக்கு உள்ளானது. 1978 இல் பாஸ்டனில் படத்தொகுப்பு நடைபெற்ற அறைக்குள் துப்பாக்கியுடன் நுழைந்தவர்கள் தொகுக்கப்படாத படச்சுருள்களை எடுத்துச்சென்று, திருப்பித்தரப் பெருந்தொகை கேட்டனர். ஆனால் அவர்கள் எடுத்துச்சென்றவை படிகளே. மூலச்சுருள்கள் வேறிடத்தில் பாதுகாப்பாக இருந்தன. எனவே பணம் கொடுக்கப்படவில்லை. படத்தின் கதாப்பாத்திரங்களே செய்திருக்கக்கூடிய தவறு இது.

- 1950 இல் வீடுகளில் குளிரூட்டிகள் அரிது என்பதால், சன்னலில் தெரிந்த ஒரு குளிரூட்டியை அகற்ற வீட்டுக்காரருக்குப் படக்குழு பணம் கொடுத்ததாகவும், மறுநாள் அத்தெருவின் பல சன்னல்களில் புதிதாகக் குளிரூட்டிகள் முளைத்திருந்ததாகவும் சொல்லப்படுவதுண்டு.

- ஹூவராக நடித்த ஷெல்டன் லெனார்ட், பழைய ஹாலிவுட் படங்களில் ரவுடி வேடங்களுக்குப் பெயர்பெற்றவர். குற்றவாளியாக நடித்துப் பழகியவர் காவல்துறைத் தலைவராக வருவது அக்காலப் பார்வையாளர்களுக்குத் தனி நகைச்சுவையாக அமைந்தது.

வரவேற்பு

படம் வசூலில் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. விமர்சகர்களின் கருத்துகள் கலவையாக இருந்தன. நடிகர்களின் கூட்டு நடிப்பும், காலத்தை மீட்டெடுத்த கலை அமைப்பும் பாராட்டப்பட்டன. நகைச்சுவையும் உண்மைக் குற்றமும் முழுதாகப் பொருந்தவில்லை என்பது எதிர்த்தரப்பின் குறையாக இருந்தது. பிரீட்கின் தாமும் இதனைத் தம் சிறந்த படங்களுள் ஒன்றாகக் கருதவில்லை. பயங்கரமும் வேகமும் நிறைந்த படங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வியக்குனரின் மென்மையான படம் என்ற வகையில் இது பின்னாளில் கவனம் பெற்றது. பிரீட்கின் 2023 ஆகஸ்ட் மாதம் காலமானார். கதைநாயகனாக நடித்த பீட்டர் பால்க் 2011 இலும், ஜீனா ரோலண்ட்ஸ் 2024 இலும் மறைந்தனர்.

விருதுகள்

பரிந்துரைக்கப்பட்ட விருதுகள்: 51 ஆவது அகாதமி விருது விழாவில் (1979) சிறந்த கலை இயக்கத்திற்கான விருது - டீன் டவுலாரிஸ், ஏஞ்சலோ கிரகாம், ஜார்ஜ் நெல்சன், புரூஸ் கே. அவ்வாண்டு இவ்விருதை ஹெவன் கேன் வெயிட் திரைப்படம் பெற்றது.

தொடர்புடைய படங்கள்

பிரிங்க்ஸ் கொள்ளை இப்படத்திற்கு முன்னரும் திரைக்கு வந்துள்ளது. குற்றவாளிகள் பிடிபடும் முன்னரே, 1955 இல் டோனி கர்ட்டிஸ் நடித்த சிக்ஸ் பிரிட்ஜஸ் டு கிராஸ் என்னும் படம் இக்கொள்ளையைத் தழுவி வெளிவந்தது. 1976 இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் தயாரிக்கப்பட்டது. இவை நகைச்சுவைப் படங்கள் அல்ல.

தடுமாறும் திருடர்களை நகைச்சுவையாகக் காட்டும் மரபு உலகத் திரைப்படத்தில் நீண்டது. இங்கிலாந்தின் த லேவண்டர் ஹில் மாப் (1951), த லேடிகில்லர்ஸ் (1955), இத்தாலியின் இ சோலித்தி இக்னோத்தி (1958) ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. அவை கற்பனைக் கதைகள். உண்மைக் கொள்ளை ஒன்றையும் உண்மைப் பெயர்களையும் அவ்வாறே எடுத்துக்கொண்டு நகைச்சுவையாக்கியமை த பிரிங்க்ஸ் ஜாப் படத்தின் தனித்தன்மையாகும். 1997 இல் வட கரோலினா மாநிலத்தில் நடந்த லூமிஸ் பார்கோ கொள்ளையை அடிப்படையாகக் கொண்டு 2016 இல் வெளிவந்த மாஸ்டர்மைண்ட்ஸ் என்னும் நகைச்சுவைப் படமும் இவ்வழியில் வந்ததே.